வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர்: யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை?

நாகாவதி (பென்னாகரம்)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மினி லாரி ஓட்டுநர். சென்ற ஆண்டு வரப்புத் தகராறு ஒன்றில் பங்காளி வீட்டாருடன் கைகலப்பு ஏற்பட்டு, அவர்களில் ஒருவருக்குத் தலையில் பலத்த காயம் பட்டுவிட்டது. தம்பி மீது கொலை முயற்சி வழக்கு பதிவாகி, 23 நாட்கள் சிறையில் இருந்தபின் ஜாமீனில் வந்தான். அந்த ஜாமீனுக்காகவே அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. இப்போது வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. விசாரணை முடியும்வரை நடத்துவதற்கு எங்கள் வழக்கறிஞர் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டுமானால் இருக்கும் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை விற்க வேண்டும். வாங்குவதற்கு ஆளும் வந்துவிட்டார்.

இலவச சட்ட உதவி பற்றிக் கேட்டபோது, நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது என்று ஒருவர் சொன்னார். பட்டியல் வகுப்பினருக்கு மட்டும்தான் என்றார் இன்னொருவர். ஒருமுறை சொந்தமாக வக்கீல் வைத்துவிட்டால் பிறகு அரசிடம் கேட்க முடியாது என்றும் சொல்கிறார்கள். தம்பிக்கு மாதச் சம்பளம் 18,000 ரூபாய். நாங்கள் பட்டியல் வகுப்பினரோ பழங்குடியினரோ அல்லர். இவற்றில் எது உண்மை என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நிலத்துக்கு முன்பணம் வாங்குவதா வேண்டாமா என்று இந்த வாரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி)

முன்பணம் வாங்காதீர்கள், தம்பி. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். நான் நீதிமன்ற அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வாங்க வேண்டிய உதவியை வாங்காமல் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்ற குடும்பங்களைப் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

இதற்கான சட்டம் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவுதான் யாருக்கு உரிமை என்பதைச் சொல்கிறது. ஊரில் நடக்கும் குழப்பம் எல்லாம் அந்தப் பிரிவை ஒரே நிபந்தனையாக நினைத்துக்கொள்வதால் வருவது. அதில் உள்ளவை தனித்தனி வாசல்கள். ஏதேனும் ஒன்றில் நுழைய முடிந்தால் போதும், மற்றவற்றை யாரும் கேட்கக் கூடாது. பட்டியல் வகுப்பினரும் பழங்குடியினரும் ஒரு வாசல். பெண்களும் குழந்தைகளும் ஒரு வாசல். மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமை வேலைக்கோ உள்ளானவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளம், வறட்சி, சாதிக் கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் தனித்தனியே இடம் உண்டு. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும் உண்டு. இவர்கள் எவருக்கும் வருமான வரம்பே கிடையாது. தோட்டமும் துரவும் உள்ள வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், பெண் என்ற ஒன்றே போதும்.

கடைசி வாசல்தான் வருமானம். அதற்கு மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு வேறு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனால் அங்கே 5,00,000. உங்கள் தம்பியின் சம்பளம் ஆண்டுக்கு 2,16,000 ஆகிறது. மானாவாரி நிலத்தில் கேழ்வரகோ துவரையோ விளைந்து அவர் பங்குக்கு வரும் தொகையைச் சேர்த்தாலும் வரம்பைத் தாண்டாது என்றே நினைக்கிறேன். பிரிவு பேசுவது ஆண்டு வருமானத்தைப் பற்றி. சொத்தின் மதிப்பைப் பற்றி அல்ல. ஆகவே நிலம் இருப்பவருக்குக் கிடையாது என்று சொன்னவர் சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தம்பி அந்த 23 நாட்கள் சிறையில் இருந்தபோது, காவலில் இருப்பவர் என்ற முறையில், எந்தச் சான்றும் இல்லாமல், கேட்டவுடன் வழக்கறிஞர் கிடைத்திருக்க வேண்டும். முதன்முறை குற்றவியல் நடுவர் முன் நிறுத்தப்படும்போதே இந்த உரிமையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நடுவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1981இல் பாகல்பூர் கைதிகள் வழக்கிலேயே கூறிவிட்டது. 2012இல் கசாப் வழக்கிலும் அதை வலியுறுத்தியது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதைப் படித்தபோது மனம் கனத்தது. அம்மாவின் நகை அடகுக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை.

வருமானத்தை எப்படி நிரூபிப்பது என்ற கேள்வி அடுத்து வரும். பலரும் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று காத்திருந்து வாய்தாவைத் தவறவிடுகிறார்கள். 13ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, விண்ணப்பிப்பவர் தன் வருமானம் பற்றித் தரும் பிரமாணப் பத்திரமே போதுமானதாகக் கொள்ளப்படலாம் என்கிறது. அதை நம்பாமல் இருக்க, உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்க முடியும். சான்று கையில் இருந்தால் இணையுங்கள், இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்துடன் உடனே கொடுங்கள். பொய்யாக மட்டும் எழுதாதீர்கள். பொய் சொல்லிப் பெற்றது தெரியவந்தால் நடுவழியில் உதவியை நிறுத்திவிட அதிகாரம் உண்டு.

காரிமங்கலம் சந்தை

ஐயா சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய வழக்கை இலவச வக்கீலிடம் கொடுப்பது சரியா என்று நாகாவதி யோசிக்க வேண்டும். என் மாமா ஒருவரின் வழக்கில் அப்படி நியமிக்கப்பட்டவர் மூன்று வாய்தாக்களுக்கு வரவேயில்லை. எங்கள் பக்கம் இதை "அரசு வக்கீல்" என்கிறார்கள். அந்த அரசு வக்கீலே போலீசுக்காகவும் பேசுகிறாரே, அவர் எப்படி நமக்காகப் பேசுவார் என்ற சந்தேகமும் இருக்கிறது. காசு வாங்குபவருக்குத்தான் பொறுப்பு இருக்கும் என்பது என் எண்ணம்.

அரூர் வழக்கறிஞர்

காரிமங்கலம் நண்பரின் கோபம் நியாயமானது. நானும் சில ஆண்டுகள் சட்ட உதவிக் குழுவில் வழக்கறிஞராக இருந்தவன் என்பதால் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் அந்தச் சொல். அரசு வழக்கறிஞர் என்பவர் குற்றம் சாட்டும் தரப்பில் அரசுக்காக வாதாடுபவர். சட்ட உதவி வழக்கறிஞர் முற்றிலும் வேறு ஆள். செலவை அரசு ஏற்கிறதே தவிர அவருடைய கட்சிக்காரர் உங்கள் மாமாதான். நீங்கள் அவரிடம் சொல்லும் எதையும் அவர் காவல் துறைக்குச் சொல்ல முடியாது.

அடுத்து, தரம். முன்பெல்லாம் தனித் தொழில் செய்யும் வழக்கறிஞர்களே, தம் சொந்த வழக்குகளுக்கு நடுவே, சொற்பத் தொகைக்கு இவற்றையும் பார்த்தார்கள். வராமல் போவதற்கு அது பெரிய காரணம், நான் அதை மறைக்க விரும்பவில்லை. 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு குற்ற வழக்குகளுக்கென்று மட்டும் குற்றம் சாட்டப்பட்டவருக்கான வழக்கறிஞர் அலுவலகம் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் தலைமை, துணை, உதவி என மூன்று நிலைகளில் முழுநேர வழக்கறிஞர்கள் இருப்பார்கள். அவர்கள் வெளியே சொந்த வழக்கு எதையும் நடத்தக் கூடாது. தலைமை வழக்கறிஞராக வருபவர் குற்ற வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத இடங்களிலும் உரிமையியல் வழக்குகளிலும் பழைய முறையில் குழு வழக்கறிஞர்களே வருவார்கள்.

நாகாவதி அவர்களின் வழக்குக்கு மிகவும் பொருந்துகிற ஒரு தீர்ப்பும் இருக்கிறது. காயம் ஏற்பட்டிருக்கும் கொலை முயற்சிக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் உண்டு. ஆயுளோ மரணமோ விதிக்கப்படக்கூடிய வழக்கில், குறைந்தது 10 ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியவரையே எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, நியமிக்க வேண்டும் என்றும், வழக்கைப் படித்துத் தயாராவதற்கு அவருக்கு உரிய அவகாசம் தர வேண்டும் என்றும் 2019இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த அவகாசம் பொதுவாக 7 நாட்களுக்குக் குறையக் கூடாது. காலையில் நியமித்து மாலையில் சாட்சியை விசாரிக்கச் சொன்னால் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

எந்த வாசலிலும் பெயர் வராதவர்கள்கூட மனம் தளர வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி, விசாரணையிலோ மேல்முறையீட்டிலோ எதிரிக்கு வழக்கறிஞர் இல்லை, வைக்கப் போதிய வசதியும் இல்லை என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், அரசுச் செலவில் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். பழைய சட்டத்தின் 304ஆம் பிரிவில் இந்தக் கடமை அமர்வு நீதிமன்ற விசாரணைக்கு மட்டுமே நேரடியாகச் சொல்லப்பட்டிருந்தது. 1986இல் சுக் தாஸ் வழக்கில், எதிரி வாய்திறந்து கேட்கவில்லை என்பதற்காக வழக்கறிஞர் இல்லாமலே நடத்தி முடித்த விசாரணையையும் அதில் தந்த தண்டனையையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் காலத்திலேயே சட்டம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது.

அரூரில் இருப்பவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று பழங்குடி மக்கள் மீது அரசுத் துறையினர் நடத்திய கொடுமைக்கு, தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல்தான் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு மலைக்கிராமம் நீதிமன்ற வாசலை விட்டு நகராமல் நிற்பதற்குத் துணை வேண்டியிருந்தது. பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் உதவி தர வேண்டும் என்று சட்டம் ஏன் சொல்கிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அந்த ஊரைத்தான் காட்டுவேன்.

அஞ்செட்டி மலை

இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருக்கிறேன். கணவர் விட்டுச் சென்றபின் எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்க வேண்டியிருந்தது. உதவி கேட்டுப் போன இடத்தில் வருமானச் சான்று வேண்டும், அதுவும் கணவரின் வருமானத்தையும் சேர்த்த சான்று வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பேசவே மறுக்கும் ஒருவரின் வருமானத்துக்கு நான் எங்கே போய்ச் சான்று வாங்குவேன்? இரண்டு மாதம் அலைந்தேன். ஒவ்வொரு முறையும் கூலி போய்விடும். பேருந்துக்கு வேறு கடன்.

பிறகு ஒரு சட்டத் தன்னார்வலர் அம்மா எங்கள் ஊர் முகாமுக்கு வந்தபோதுதான், பெண்களுக்கு வருமானமே கேட்கக் கூடாது என்று தெரிந்தது. அவர் என் மனுவைத் தன் கையாலேயே எழுதி, 12ஆம் பிரிவில் பெண் என்ற வகையில் விண்ணப்பிக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டார். ஆதார் நகலைத் தவிர வேறொன்றும் இணைக்கவில்லை. அந்த வாரமே வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார்.

நியமிக்கப்பட்டவர் தட்டச்சுச் செலவுக்கென்று 1,500 ரூபாய் கேட்டார். கொடுக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது என்று வட்டிக்கு வாங்கியும் விட்டேன். அந்த அம்மாதான் கொடுக்காதே, எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன், வேறொரு வழக்கறிஞரை மாற்றித் தந்தார்கள். அவர் நன்றாகவே நடத்தினார், இடைக்கால ஜீவனாம்சம் வருகிறது. என்னைப் போன்ற பெண்கள் இதைப் படித்தால், சான்று கேட்டார்கள் என்பதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி)

அம்மா, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. தேசிய ஆணைக்குழுவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உதவி பெறுபவரிடம் எந்தப் பெயரிலும் பணம் கேட்கவோ வாங்கவோ கூடாது. நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், நகல், மொழிபெயர்ப்பு, தட்டச்சு என அனைத்தும் சட்ட உதவியில் அடங்கும். விண்ணப்பத்தின் மீதும் 7 நாட்களுக்குள் முடிவு எடுக்க வேண்டும். மறுத்தால் ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு உண்டு. மாவட்டத்தில் தலைவர் என்பவர் முதன்மை மாவட்ட நீதிபதியே. குழு வழக்கறிஞர்கள் எப்படி வழக்கு நடத்துகிறார்கள் என்பதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கண்காணிப்புக் குழுவும் இருக்கிறது. காரிமங்கலம் நண்பரின் மாமா அன்றே எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை மாறியிருக்கும்.

சிப்காட் ஷிப்ட் (ஓசூர்)

ஒரு கிளைக் கேள்வி, மன்னிக்கவும். என்னுடன் அறையில் தங்கியிருக்கும் நண்பர் அத்திப்பள்ளியில் நடந்த ஒரு விபத்து வழக்கில் கர்நாடக போலீசாரால் கைது செய்யப்பட்டிருக்கிறார். தருமபுரிக்காரர். ஜாமீன் உத்தரவு வந்து பத்து நாட்களுக்கு மேல் ஆகிறது. அங்கே பிணை நிற்க உள்ளூர் ஆள் கிடைக்காமல் உள்ளேயே இருக்கிறார். நம் ஊர் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாமா, அங்கேதான் கொடுக்க வேண்டுமா? மொழியும் தெரியவில்லை.

அரூர் வழக்கறிஞர்

வழக்கு எந்த மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட ஆணைக்குழுதான் வழக்கறிஞரை நியமிக்கும். அத்திப்பள்ளி என்றால், நீதிமன்ற அமைப்பில், பெங்களூரு ஊரக மாவட்டம். இது மத்தியச் சட்டம் என்பதால் எல்லையைத் தாண்டினாலும் 12ஆம் பிரிவு மாறாது. மாநிலத்துக்கு ஏற்ப மாறுவது வருமான வரம்பு மட்டும்தான். உங்கள் நண்பர் காவலில் இருப்பதால் அந்த வரம்பும் அவருக்குப் பொருந்தாது. 15100 என்ற கட்டணமில்லா எண் நாடு முழுவதற்கும் பொது. முதலில் அதில் பேசி வழக்கு எண்ணையும் சிறையின் பெயரையும் சொல்லுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் 7 நாட்களுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்துள்ளது. பத்து நாட்கள் கடந்துவிட்டன என்றால் நீங்களே நேரில் போய் அந்தச் செயலாளரிடம் ஒரு மனுவைக் கொடுத்து, உள்ளூர்ப் பிணையாளர் வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். உள்ளூர் ஆள் இல்லை என்பதாலேயே வெளிவர முடியாமல் இருக்கும் நிலையையும் அதே தீர்ப்பு கணக்கில் எடுத்திருக்கிறது. இன்றே போங்கள்.

நாகாவதி (பென்னாகரம்)

எல்லோருக்கும் நன்றி. நிலம் வாங்க வந்தவரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். அம்மா இரண்டு நாட்களுக்குப் பிறகு நேற்றுத்தான் சரியாகச் சாப்பிட்டார்கள். ஒரு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. இப்போதைய வழக்கறிஞருக்கு 12,000 ரூபாய் பாக்கி என்கிறார். அதைக் கொடுக்காமல் வழக்குக் கட்டையும் தர மாட்டேன், வேறு வக்கீல் வைக்கச் சம்மதமும் தர மாட்டேன் என்கிறார். அவர் செய்த வேலையை நாங்கள் மறுக்கவில்லை, ஜாமீன் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் இப்போது எங்களிடம் இல்லை.

அரூர் வழக்கறிஞர்

உங்கள் நாணயம் எனக்குப் பிடித்திருக்கிறது. பாக்கியை அவர் சட்டப்படி கேட்கலாம், நீங்களும் முடிந்தபோது கொடுக்கலாம். ஆனால் அதற்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று 2000ஆம் ஆண்டில் ஆர். டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுப்பது தொழில்முறைத் தவறு ஆகும். அவரிடம் சண்டை போட வேண்டாம்; எங்கள் தொழிலிலும் சிறு ஊர்களில் வருமானம் நிலையாக இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நீதிமன்றத்தில் தம்பியே எழுந்து, எனக்கு வழக்கறிஞரைத் தொடர்ந்து வைக்க வசதி இல்லை, சட்ட உதவி வேண்டும் என்று நீதிபதியிடம் சொல்லட்டும். வக்காலத்தை மாற்ற முந்தைய வழக்கறிஞரின் சம்மதம் வழக்கம்தான். அது கிடைக்காதபோது நீதிமன்றத்தின் அனுமதியே போதும். முன்பு சொந்தமாக வைத்திருந்தார் என்பதால் 12ஆம் பிரிவில் உரிமை போய்விடாது. கையில் இருந்த பணம் தீர்ந்துபோனது என்பதுதானே உண்மை, அதையே பிரமாணப் பத்திரத்திலும் எழுதுங்கள்.

தாலுகா செய்தித்தாளில் விளம்பரம் செய்பவர்கள், தெரிந்தவர் மூலம் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் யாரிடமும் போகாதீர்கள். பென்னாகரம் நீதிமன்றத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ தருமபுரியில் மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்திலோ நேரடியாகக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

நாகாவதி (பென்னாகரம்)

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தருமபுரியில் மனுக் கொடுத்தோம். நிலத்தைப் பற்றிக் கேட்டார்கள். பட்டா நகலைக் காட்டி, மானாவாரி என்றும், அப்பா பெயரில் இருக்கிறது என்றும் சொன்னோம். குறித்துக்கொண்டார்கள், மறுக்கவில்லை. ஐந்தாம் நாள் நியமன ஆணை வந்துவிட்டது. வந்திருப்பவர் 14 ஆண்டுகளாகத் தொழிலில் இருப்பவர். முதல் சந்திப்பிலேயே தம்பியை ஒரு மணி நேரம் உட்கார வைத்து, அன்று யார் எங்கே நின்றார்கள் என்று தாளில் வரைந்து கேட்டார். முந்தைய வழக்கறிஞரும் கட்டைக் கொடுத்துவிட்டார். அறுவடைக்குப் பிறகு பாக்கியைத் தருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

காயச் சான்றின் இரண்டாம் பக்கம் எங்கள் நகலில் இல்லை. காயம் எந்த ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம் என்ற மருத்துவரின் கருத்து அதில்தான் இருக்கும், குறுக்கு விசாரணைக்கு அது அவசியம் என்கிறார் புதியவர். நகலுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி)

வேண்டாம், தம்பி. குற்றப்பத்திரிகையும் அதனுடன் சார்ந்த ஆவணங்களும் எதிரிக்கு இலவசமாகத் தரப்பட வேண்டியவை. விடுபட்ட பக்கம் இன்னது என்று குறிப்பிட்டு உங்கள் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கல் செய்தால் போதும். சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே செய்யச் சொல்லுங்கள்.